ஏசி கம்ப்ரஸரின் ஸ்டார்ட் ரிலே: கைகொடுத்து விலகும் கருவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லியில் மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ ஆர்.கே.புரத்திலோ கோடையைக் கழித்தவர்களுக்கு இந்த ஒலி பழக்கமாகியிருக்கும். மின்சாரம் ஒரு நிமிடம் போய்த் திரும்பியதும் ஏசியின் மின்விசிறி சுழலத் தொடங்கும். அதையடுத்து கம்ப்ரஸரிலிருந்து கனத்த உறுமல் எழும். சில விநாடிகளில் ‘டக்’ என்ற சத்தத்துடன் அது அடங்கிவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் அதே உறுமல், அதே ‘டக்’. வந்து பார்ப்பவர் ‘கம்ப்ரஸர் ஜாம்’ என்று சொல்லிவிட்டால் செலவு பல ஆயிரங்களுக்குப் போய்விடும். ஆனால் பழுது பல வேளைகளில் கம்ப்ரஸருக்கு வெளியே, சில நூறு ரூபாய் பெறும் ஒரு ரிலேயிலோ (தானாகச் சேர்ந்து பிரியும் சுவிட்ச்) கெபாசிட்டரிலோ (மின்னேற்றத்தைத் தேக்கித் தரும் பாகம்) இருக்கிறது.

இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும், மெக்கானிக் சொல்வது சரிதானா என்று அறிய விரும்பும் வீட்டுக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மின்சுற்றைத் திறந்து சோதிக்கும் பகுதிகள் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை. மற்றவர்கள் அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும்.

மோட்டார் ஏன் தானாகப் புறப்படுவதில்லை

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொண்ட ஒற்றைக் கட்ட மாறுமின்சாரம். அது ஒரே ஒரு வைண்டிங்கில், அதாவது கம்பிச் சுற்றில், பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் சுழல்வதில்லை. ஒரே கோட்டில் வலுத்தும் தளர்ந்தும் திசை மாறியும் துடிக்கிறது. இந்தத் துடிப்பை எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சம வலிமையுள்ள புலங்களின் கூட்டாகக் கணக்கிட்டுக் காட்டலாம். நின்றிருக்கும் ரோட்டரை, அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தை, இரண்டும் சமமாக இழுப்பதால் அது எந்தப் பக்கமும் நகராமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஏதேனும் ஒரு பக்கம் சற்றே சுழற்றிவிட்டால், அந்தத் திசைப் புலத்தின் கை ஓங்கி, ரோட்டர் தானே வேகம் பிடித்துவிடும்.

முன்பு நம் வீடுகளில் இருந்த கால்மிதி தையல் இயந்திரம் இதே குணமுடையது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சில வேளை அசையாது. அசைந்தாலும் பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுத்துவிடும். அம்மா வலக்கையால் சக்கரத்தை முன்பக்கமாக ஒரு சுண்டு சுண்டுவார். பிறகு கையை எடுத்துவிடுவார். மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும். கம்ப்ரஸருக்குள் அந்தக் கையின் வேலையைச் செய்வது ஸ்டார்டிங் வைண்டிங். சுண்டியதும் கையை எடுக்க வைப்பது ஸ்டார்ட் ரிலே.

ஸ்டார்டிங் வைண்டிங், ரன்னிங் வைண்டிங் எனும் முதன்மைச் சுற்றுக்கு 90 மின்பாகை தள்ளி அமைந்திருக்கும். அதில் பாயும் மின்னோட்டமும் காலத்தில் தள்ளி இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழலும் புலத்தை உண்டாக்கும். இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் 1885இல் செய்து காட்டியதும், நிகோலா டெஸ்லா 1888இல் அமெரிக்கக் காப்புரிமைகள் பெற்றதும் இந்தச் சுழலும் புலத்துக்காகத்தான். மெல்லிய கம்பியைக் கொண்டு மின்தடையை மட்டும் கூட்டினால் கிடைக்கும் இடைவெளி சுமார் 30 பாகைதான். குளிர்பெட்டியின் சிறிய கம்ப்ரஸருக்கு அது போதும். ஏசி போன்ற கனமான சுமைக்கு இடைவெளி 90 பாகையை நெருங்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்டார்டிங் வைண்டிங்கோடு கெபாசிட்டரைத் தொடராகச் சேர்க்கிறார்கள்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டெல்லிக் கடைகளில் ‘கண்டென்சர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது கெபாசிட்டரை. ஏசியின் வெளிப்பெட்டியில் வெப்பத்தை வெளியேற்றும் செம்புக்குழாய் வலைக்கும் கண்டென்சர் என்றுதான் பெயர். தொலைபேசியில் ‘கண்டென்சர் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

விலகுவதில் உள்ள அவசரம்

புறப்படும் கணத்தில் ரோட்டர் நிற்கும் நிலையில் இருப்பதால், கம்ப்ரஸர் தன் ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு எடுக்கும். ஓடும்போது 8 ஆம்பியர் எடுப்பது அப்போது 40 ஆம்பியருக்கு மேல் எடுக்கலாம். வைண்டிங்கில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஐந்து மடங்கு மின்னோட்டம் என்றால் வெப்பம் இருபத்தைந்து மடங்கு. நல்ல நிலையில் உள்ள கம்ப்ரஸர் ஒரு விநாடிக்குள் வேகம் பிடித்துவிடுவதால் இந்த வெப்பம் பாதிப்பதில்லை.

ஸ்டார்ட் கெபாசிட்டரும் அப்படித்தான். கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் வரும் இந்த எலக்ட்ரோலிட்டிக் வகை, பொதுவாக ஒரு மணி நேரத்தில் 20 புறப்பாடுகள், ஒவ்வொன்றும் 3 விநாடிக்கு மேற்படாமல், என்ற கணக்கில் செய்யப்படுவது. தொடர்ந்து மின்சுற்றில் நின்றால் சூடேறி, மூடி பிதுங்கி, உள்ளிருப்பதைக் கக்கிவிடும். அலுமினிய உறையில் வரும் ரன் கெபாசிட்டர் இதற்கு நேர்மாறானது. கம்ப்ரஸர் ஓடும் நேரமெல்லாம் சுற்றிலேயே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. இந்த இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பொருத்துவது தொழிலில் மன்னிக்க முடியாத தவறு.

ஆகவே ரிலேயின் பழுதுகள் எல்லாம் இரண்டே வகைக்குள் அடங்கும்: சேர வேண்டிய நேரத்தில் சேராதது, விலக வேண்டிய நேரத்தில் விலகாதது. முதலாவது உறுமலும் ‘டக்’குமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது அப்படி அல்ல. கம்ப்ரஸர் ஓடும், அறையும் குளிரும், எவருக்கும் சந்தேகம் வராது. உள்ளே ஸ்டார்டிங் வைண்டிங் வெந்துகொண்டிருக்கும். இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தச் செலவில். தொழிலுக்கு வந்த புதிதில், கரோல் பாக்கில் ஒரு கடையின் டீப் ஃப்ரீஸருக்கு ரிலே மாற்றப் போயிருந்தேன். இடநெருக்கடி காரணமாகப் புதிய ரிலேயைப் படுக்கை வாட்டத்தில் திருகிவிட்டு, பெட்டி ஓடுகிறதே என்ற நிறைவோடு திரும்பிவிட்டேன். அடுத்த நாள் போனபோது ஸ்டார்டிங் வைண்டிங் கருகியிருந்தது. அந்த ரிலே நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும் வகை என்பதை என் மேஸ்திரி அதற்குப் பிறகுதான் சொன்னார். கம்ப்ரஸரின் விலையை என் கூலியில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார்.

மூன்று வகை ரிலேக்கள்

கரண்ட் ரிலேயின் ‘காயில்’ எனும் கம்பிச்சுருள் தடித்த கம்பியாலான சில சுற்றுகள் மட்டுமே கொண்டது. ரன்னிங் வைண்டிங்குடன் தொடராக இருக்கும். ஓய்வில் அதன் தொடுமுனைகள், அதாவது மெக்கானிக்குகள் ‘பாயிண்ட்’ என்று சொல்வது, திறந்திருக்கும். புறப்படும் கணத்தின் பெரும் மின்னோட்டம் காயிலில் பாய்ந்ததும் உள்ளிருக்கும் இரும்புத் துண்டு மேலே இழுக்கப்பட்டு பாயிண்டைச் சேர்க்கும். மோட்டார் வேகம் பிடித்து மின்னோட்டம் குறைந்ததும் அந்தத் துண்டு தன் எடையாலேயே கீழே விழுந்து பாயிண்டைப் பிரிக்கும். எடையை நம்பியிருக்கும் கருவி என்பதால் உறையில் அம்புக்குறியோ மேற்பக்கம் என்ற குறியோ போட்டிருப்பார்கள். தலைகீழாக வைத்தால் பாயிண்ட் எப்போதும் சேர்ந்தே இருக்கும். இந்த வகை ஒவ்வொரு கம்ப்ரஸரின் மின்னோட்டத்துக்கும் ஏற்பச் செய்யப்படுவது. பெரிய கம்ப்ரஸருக்கு உரியதைச் சிறியதில் போட்டால் சேராது, சிறியதற்கு உரியதைப் பெரியதில் போட்டால் விலகாது.

பி.டி.சி. வகையில் அசையும் பாகமே கிடையாது. பேரியம் டைட்டனேட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு பீங்கான் வில்லைதான் முழு ரிலேயும். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை சில ஓம்களிலிருந்து சில பத்து ஓம்கள் வரைதான். மின்னோட்டம் பாய்ந்ததும் சூடேறி, ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை எட்டும்போது தடை ஆயிரக்கணக்கான ஓம்களுக்குத் தாவிவிடும். அதோடு ஸ்டார்டிங் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிடும். தீப்பொறி கிடையாது, விலையும் குறைவு. ஆனால் வில்லை ஆறுவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மீண்டும் மின்சாரம் கொடுத்தால் வழி திறக்காது, கம்ப்ரஸர் உறுமும்.

பொட்டென்ஷியல் ரிலேயைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏசியில் நாம் சந்திக்கும் ரிலே பெரும்பாலும் இதுதான். இதன் பாயிண்ட் ஓய்வில் சேர்ந்திருக்கும். வேலை செய்யும்போது பிரியும். காயில் மிக மெல்லிய கம்பியின் பல்லாயிரம் சுற்றுகள் கொண்டது. ஸ்டார்டிங் வைண்டிங்குக்கு இணையாக இருக்கும். மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க ஸ்டார்டிங் வைண்டிங்கிலேயே ஒரு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. கெபாசிட்டரின் பங்கும் சேர்ந்து அது வீட்டு மின்னழுத்தத்தைத் தாண்டி 300 வோல்ட்டுக்கு மேல் போகிறது. இரண்டு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள். அதில் முக்கால் பங்கை எட்டும் அளவில் காயில் போதிய வலுப்பெற்று பாயிண்டை இழுத்துப் பிரிக்கும். இதற்கு வேண்டிய மின்னழுத்தம் பிக்அப் எனப்படும். மீண்டும் பாயிண்ட் சேரும் மின்னழுத்தமான டிராப்அவுட் அதைவிட வெகுவாகக் குறைவு. இந்த இடைவெளி இருப்பதால்தான் சிறு ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் ரிலே படபடக்காமல் நிற்கிறது.

இதன் முனைகள் 1, 2, 5 என்று எண்ணிடப்பட்டிருக்கும். 4, 6 என்பவை இருந்தால் அவை கம்பிகளை இணைத்துக்கொள்ள விடப்பட்ட வெறும் முனைகள். 5 கம்ப்ரஸரின் காமன் (இரண்டு வைண்டிங்குகளுக்கும் பொதுவான முனை) பக்கத்துக்கும், 2 ஸ்டார்டிங் முனைக்கும், 1 ஸ்டார்ட் கெபாசிட்டருக்கும் போகும். கெபாசிட்டரின் மறுமுனை ரன்னிங் பக்கத்தில் சேரும். 5இலிருந்து வரும் கம்பி கழன்றுபோனால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்: காயிலுக்கு மின்னழுத்தம் கிடைக்காது, பாயிண்ட் பிரியவே பிரியாது, சில நிமிடங்களில் ஸ்டார்ட் கெபாசிட்டர் வெடிக்கும். கெபாசிட்டர் வெடித்த இடத்தில் புதிய கெபாசிட்டரை மட்டும் போட்டுவிட்டு வருபவர்கள் மறுபடியும் அதே வீட்டுக்குப் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

முதல் படி: உங்கள் இயந்திரத்தில் ரிலே இருக்கிறதா என்று பாருங்கள்

இன்வெர்ட்டர் ஏசியில் ஸ்டார்ட் ரிலேயும் கிடையாது, ஸ்டார்ட் கெபாசிட்டரும் கிடையாது. அதன் மின்னணுப் பலகை வீட்டு மின்சாரத்தை மூன்று கட்ட மின்சாரமாக மாற்றி, கம்ப்ரஸரை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுகிறது. இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது.

நிலைவேக ஏசிகளிலும் எல்லாவற்றிலும் ரிலே இருக்காது. ரோட்டரி கம்ப்ரஸர் கொண்ட சன்னல் ஏசிகளும் ஸ்பிளிட் ஏசிகளும் பெரும்பாலும் ரன் கெபாசிட்டரை மட்டும் நம்பிப் புறப்படுபவை. கேப்பிலரி எனும் மெல்லிய குழாய் வழியாகக் கம்ப்ரஸரின் இரு பக்க அழுத்தமும் மூன்று நிமிடங்களில் ஏறக்குறையச் சமனாகிவிடுவதால் அவற்றுக்குப் பெரிய தள்ளுவிசை தேவைப்படுவதில்லை. பழைய ரெசிப்ரோகேட்டிங் (பிஸ்டன் வகை) கம்ப்ரஸர்களில் ரன் கெபாசிட்டர், ஸ்டார்ட் கெபாசிட்டர், பொட்டென்ஷியல் ரிலே மூன்றும் இருக்கும். கரண்ட் ரிலேயையும் பி.டி.சி.யையும் குளிர்பெட்டி, வாட்டர் கூலர், டீப் ஃப்ரீஸர் ஆகியவற்றில் காண்பீர்கள். ரிலேயே இல்லாத ஏசியில் ரிலே போய்விட்டது என்று பணம் கேட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஒலியைக் கேட்டு வகைப்படுத்துங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன் காதைப் பயன்படுத்துங்கள். உறுமி, சில விநாடிகளில் ‘டக்’ என்று நின்றால், ரோட்டர் நகரவில்லை. ரிலே, கெபாசிட்டர், மின்னழுத்தம், வைண்டிங், உள்ளே இறுகிய பாகம் என்ற வரிசையில் சந்தேகப்பட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிய பிறகு நின்றால், புறப்பாட்டில் குறையில்லை; கண்டென்சர் வலையில் தூசி அடைத்திருக்கும், அல்லது வெளி மின்விசிறி மெதுவாகச் சுற்றும். மே மாத ஆந்தி (புழுதிப் புயல்) ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் டெல்லியில் வரும் அழைப்புகளில் பல இந்த வகையே. தண்ணீர் விட்டுக் கழுவினால் தீர்ந்துவிடும். எந்த ஒலியும் இல்லையென்றால் மின்சாரமே கம்ப்ரஸரை எட்டவில்லை. தெர்மோஸ்டாட், கம்பி, ஓவர்லோடு (அளவு மீறினால் ‘டக்’ என்று மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி) ஆகியவற்றைப் பாருங்கள்.

மூன்றாம் படி: பாதுகாப்பு

எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் ஆபத்தானது, கெபாசிட்டரையும் கெடுக்கும். 15,000 முதல் 20,000 ஓம் வரையுள்ள, குறைந்தது 2 வாட் தாங்கும் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கவ்விகளோடு இணைத்து, சில விநாடிகள் பிடித்து, பிறகு மீட்டரில் வோல்ட் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கம்ப்ரஸரின் முனை மூடியைக் கழற்றிய நிலையில் ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள். பழுதான முனை ஒன்று உள்ளழுத்தத்தால் பிய்த்துக்கொண்டு வந்தால் எண்ணெயும் வாயுவும் புகைமூட்டமாகப் பீறிட்டு, பொறி பட்டுத் தீப்பிடிக்கும். குளிரூட்டும் வாயுக்களில் ஆர்-32 மிதமாகவும், ஆர்-290 எனும் புரொப்பேன் எளிதாகவும் எரியக்கூடியவை. இத்தகைய இயந்திரங்களில் திறந்த பாயிண்ட் கொண்ட ரிலேயை மாற்றாகப் போடக் கூடாது; தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூடிய வகையைத்தான் போட வேண்டும்.

நான்காம் படி: மின்னழுத்தத்தை அளவிடுங்கள்

மோட்டாரின் புறப்பாட்டு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் கிடைத்தால் விசை பாதிக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 61 சதவீதம்தான் இருக்கும். 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது; அத்தகைய பிற்பகல்களில் கேபிளின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் தாழ்வது வியப்பில்லை. அதே வெயிலில் மொட்டைமாடியில் நிற்கும் வெளிப்பெட்டியின் உள்ளழுத்தமும் ஏறியிருக்கும். ஆர்-22 வாயு 55 டிகிரியில் ஒடுங்கும்போது அழுத்தம் சுமார் 300 பி.எஸ்.ஐ. ஆக, மோட்டார் மெலியும் நேரமும் சுமை கனக்கும் நேரமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

சும்மா இருக்கும் சுவர்ச் சாக்கெட்டில் 225 வோல்ட் காட்டுவதை நம்பி விடாதீர்கள். கம்ப்ரஸர் புறப்பட முயலும் அந்தச் சில விநாடிகளில் அது எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். வெகுவாக விழுந்தால் மெல்லிய கம்பியோ தளர்ந்த இணைப்போ சூடேறிய பிளக்கோ வழியில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரிலேயை மாற்றிப் பயனில்லை. ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடத் தாமத வசதி வேலை செய்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அந்தத் தாமதம் அழுத்தம் சமனாகவும் பி.டி.சி. வில்லை ஆறவும் தரப்படும் அவகாசம். அவசரப்பட்டு அதை மாற்றுவழியில் கடந்துவிடும் வீட்டுக்காரர்களுக்குத்தான் நள்ளிரவு உறுமல் அதிகம்.

ஐந்தாம் படி: கெபாசிட்டர்

ரிலேயைவிட அதிகமாகக் கெடுவது ரன் கெபாசிட்டர். 50 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கெபாசிட்டரின் அளவு), ஐந்து சதவீத ஏற்றத்தாழ்வு என்று போட்டிருந்தால் மீட்டர் 47.5க்கும் 52.5க்கும் இடையில் காட்ட வேண்டும். 40 காட்டினால் அதுவே காரணமாக இருக்கலாம். மாற்றிவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

ஓடும் நிலையிலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். கெபாசிட்டர் கம்பியில் கிளாம்ப் மீட்டரால் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளப்பது) ஆம்பியரையும், அதன் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டையும் அளந்து, ஆம்பியரை 3,183ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் எம்.எஃப்.டி. கிடைக்கும். 5.5 ஆம்பியரும் 350 வோல்ட்டும் வந்தால் விடை 50. அமெரிக்க வீடியோக்களில் 2,652 என்ற எண்ணைச் சொல்வார்கள். அது 60 ஹெர்ட்ஸுக்கு உரியது. அதை இங்கே பயன்படுத்தினால் நல்ல கெபாசிட்டரும் நோயாளியாகத் தெரியும்.

ஆறாம் படி: வைண்டிங்

மூன்று முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 1.8, 4.2, 6.0 ஓம் என்று மூன்று அளவுகள் வந்தால், பெரிய அளவான 6.0 காட்டும் இரண்டு முனைகள் ரன்னிங்கும் ஸ்டார்டிங்கும். மீந்து நிற்பது காமன். காமனிலிருந்து 1.8 காட்டுவது ரன்னிங், 4.2 காட்டுவது ஸ்டார்டிங். சிறிய அளவுகள் இரண்டின் கூட்டுத்தொகை பெரியதற்குச் சமமாக வர வேண்டும். ஸ்டார்டிங் அளவு மட்டும் இயல்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், ரிலே விலகாமல் போன பழைய கதை ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

காமனிலிருந்து இரண்டு பக்கமும் தொடர்பே இல்லை, ஆனால் ரன்னிங்குக்கும் ஸ்டார்டிங்குக்கும் இடையே அளவு வருகிறது என்றால் கம்ப்ரஸரைக் குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ஓவர்லோடு திறந்திருக்கிறது. கம்ப்ரஸர் உடல் கைபொறுக்கும் சூட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். காத்திருந்து மீண்டும் அளவெடுங்கள். இறுதியாக, ஒவ்வொரு முனைக்கும் செம்புக்குழாய்க்கும் இடையே 500 வோல்ட் மெகர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மேலே போக வேண்டாம். வேக்குவத்தில் இருக்கும் கம்ப்ரஸருக்கு மட்டும் மெகர் வைக்கக் கூடாது. உள்ளே மின்பொறி தாவிக் காப்பு கெட்டுவிடும்.

ஏழாம் படி: ரிலேயைச் சோதியுங்கள்

கரண்ட் ரிலேயைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்தால் பாயிண்ட் திறந்தும், தலைகீழாகத் திருப்பினால் மூடியும் காட்ட வேண்டும். உள்ளே இரும்பு நகரும் சத்தமும் கேட்கும். இரு நிலையிலும் மூடியே இருந்தால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. உரசித் தேய்த்து மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம்.

பி.டி.சி.யை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு அளக்க வேண்டும். ஆறிய நிலையிலும் ஆயிரக்கணக்கில் காட்டினாலோ தொடர்பே இல்லாவிட்டாலோ அது முடிந்துவிட்டது. காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கிலுகிலுப்பை போல ஒலித்தால் வில்லை நொறுங்கியிருக்கிறது.

பொட்டென்ஷியல் ரிலேயில் 2க்கும் 5க்கும் இடையே சில ஆயிரம் ஓம்கள் வர வேண்டும்; தொடர்பே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது. 1க்கும் 2க்கும் இடையே பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் பாயிண்ட் கருகியிருக்கிறது. இந்த இரண்டும் சரியாக இருப்பதாலேயே ரிலே நல்லது என்று முடிவு செய்துவிட முடியாது. ஒட்டிக்கொண்ட பாயிண்டும் பூச்சியம்தான் காட்டும். அது பிரிகிறதா என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும்: 1ஆம் முனையிலிருந்து கெபாசிட்டருக்குப் போகும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, மூடிகளைப் போட்டு, மின்சாரம் கொடுங்கள். முள் ஒரு கணம் எகிறி, ஒரு விநாடிக்குள் பூச்சியத்துக்கு விழ வேண்டும். விழாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். 5இன் கம்பி, காயில், பாயிண்ட் என்ற வரிசையில் தேடுங்கள்.

பாயிண்ட் ஏன் ஒட்டுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் நிற்கும்போது பாயிண்ட் மீண்டும் சேர்கிறது. அந்த வேளையில் ஸ்டார்ட் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருந்தால் அது ரன் கெபாசிட்டரை நோக்கிப் பாயிண்ட் வழியாகவே பாய்ந்து, சிறு வெல்டிங் போலப் பொறி வைக்கும். இதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட் கெபாசிட்டரின் முனைகளுக்குக் குறுக்கே சுமார் 15,000 ஓம் கொண்ட ஒரு மின்தடையைப் பற்றவைத்திருப்பார்கள். கெபாசிட்டரை மாற்றும்போது பழையதோடு அதையும் தூக்கி எறிந்துவிட்டால், புதிய ரிலேயின் ஆயுள் மிகவும் குறைந்துவிடும்.

எட்டாம் படி: மாற்று வாங்குதல்

சாந்தினி சௌக் பாகீரத் பேலஸில் ரிலே கேட்டால் ‘எத்தனை டன்?’ என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர்களும் உண்டு. டன்னை வைத்துப் பொட்டென்ஷியல் ரிலே வாங்க முடியாது. பிக்அப், டிராப்அவுட், காயில் தொடர்ந்து தாங்கும் மின்னழுத்தம் ஆகிய மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பழைய உறையில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பிக்அப் அதிகமுள்ளதைப் போட்டால் பாயிண்ட் பிரியாது. குறைவானதைப் போட்டால் மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே கைவிட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ஹார்ட் ஸ்டார்ட் கிட் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டார்ட் கெபாசிட்டரும் ரிலேயும் சேர்ந்த இந்தப் பொருளை ரன் கெபாசிட்டருக்கு இணையாக மாட்டுகிறார்கள். இணையாகச் சேரும் கெபாசிட்டர்களின் மதிப்புகள் கூடும் என்பதால், 50 எம்.எஃப்.டி. இருந்த இடத்தில் புறப்படும் கணத்தில் மட்டும் 150 கிடைக்கலாம். உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் உடனே எழுந்துவிடும். மின்னழுத்தம் நிரந்தரமாகத் தாழ்ந்திருக்கும் இடத்திலும், நிறுத்திய பின் அழுத்தத்தைச் சமன் செய்யாத எக்ஸ்பேன்ஷன் வால்வு கொண்ட இயந்திரத்திலும் இது நியாயமான தீர்வு. ஆனால் பலவீனமான ரன் கெபாசிட்டரையோ தளர்ந்த இணைப்பையோ தேடிப் பார்க்காமல் இதை மாட்டுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றது. நான் கிட் மாட்டுவதற்கு முன் மேலே சொன்ன முதல் ஆறு படிகளையும் முடித்துவிடுவேன். உள்ளே உண்மையிலேயே தேய்ந்து இறுகிய கம்ப்ரஸர் என்றால், கிட் சில மாத அவகாசம் மட்டுமே தரும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஒன்பதாம் படி: மூன்று முறை ஓட்டிப் பார்த்தல்

புதிய ரிலேயைச் சரியான வாட்டத்தில், ஆடாமல் திருகி, முனைகளின் கவ்விகள் தளராமல் இருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். மூடியைப் போடுங்கள். மின்னோட்ட உச்சத்தைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டரைக் காமன் கம்பியில் மாட்டி, ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை நிறுத்திப் புறப்பட வையுங்கள். குளிர்ந்த கம்ப்ரஸரின் முதல் புறப்பாடு எல்லோரையும் ஏமாற்றும். வைண்டிங் சூடேறி, உள்ளழுத்தம் ஏறிய பின் வரும் மூன்றாவதைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். அதிலும் ஒரு விநாடிக்குள் மின்னோட்டம் பெயர்ப்பலகையில் உள்ள ஓட்ட அளவுக்கு இறங்கிவிட்டால், அன்றைய தேதி, மின்னழுத்தம், ஓட்ட ஆம்பியர், ரிலே எண் ஆகியவற்றை வெளிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவைத்துவிட்டு, திருகுகளை முடுக்குங்கள்.